மூன்று எண்கள், ஒரு வேர்: யூரிக் அமிலம், இரத்தக் கொழுப்பு, நீரிழிவு

ஆய்வக அறிக்கையைக் கையில் வாங்கியதும் நம்மில் பெரும்பாலோரின் கண்கள் தேடுவது தடித்த எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் எண்களையே. சர்க்கரைக்கு ஒன்று, ட்ரைகிளிசரைடுக்கு ஒன்று, யூரிக் அமிலத்துக்கு ஒன்று என மூன்று தடித்த எண்கள் இருந்தால், மூன்று நோய்கள் வந்துவிட்டன என்று மனம் கணக்கிட்டு விடுகின்றது. மூன்று நோய்க்கு மூன்று பத்தியம் என்று வீட்டிலும் ஏற்பாடுகள் தொடங்கி விடுகின்றன. இந்தக் கணக்கு சரிதானா என்பதே இவ்விதழில் நாம் எடுத்துக்கொண்டுள்ள பாடம்.

ஓர் அறிக்கையும் ஒரு குடும்பமும்

எங்கள் புறநோயாளர் பிரிவில் அடிக்கடி காணும் ஒரு காட்சியை முதலில் சொல்கின்றோம். இது ஒரு தனிக் குடும்பத்தின் கதையன்று. பல குடும்பங்களிடம் நாங்கள் கண்டவற்றை ஒன்றாகச் சேர்த்து எழுதியது.

ஐம்பத்திரண்டு வயதுடைய ஒருவர். நாள் முழுவதும் அமர்ந்தே செய்யும் வேலை. இரண்டாம் வகை நீரிழிவு கண்டறியப்பட்டு நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இடுப்புச் சுற்றளவு 98 சென்டிமீட்டர். இரத்த அழுத்தம் 142/88. அறிக்கையில் உள்ளவை: வெறும் வயிற்றில் சர்க்கரை 148, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 7.6 விழுக்காடு, மொத்தக் கொலஸ்ட்ரால் 200, எச்டிஎல் 34, எல்டிஎல் 112, ட்ரைகிளிசரைடு 268, யூரிக் அமிலம் 8.2. எச்பிஏ1சி நீங்கலாக மற்றவை எல்லாம் ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் உள்ள மில்லிகிராம் அளவுகள்.

உடன் வந்திருந்த அவருடைய மனைவி கேட்டார்: "பருப்பை நிறுத்திவிட்டேன் டாக்டர். கீரை, தக்காளி, காளான் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். வற்றல் குழம்பும் சோறும்தான் போடுகிறேன். அப்படியும் யூரிக் ஆசிட் குறையவில்லையே, இன்னும் எதை நிறுத்த வேண்டும்?"

மாத்திரைகளைக் காட்டச் சொன்னோம். தெரிந்தவர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை மருந்துக்கடையில் தாமே வாங்கி இரண்டு மாதங்களாக உட்கொண்டு வந்தார். அதுவும் நினைவு வந்த நாட்களில் மட்டும். மாத்திரைகள் அதிகமாகி விட்டன என்று எண்ணி, கொழுப்புக்கு நாங்கள் எழுதித் தந்த ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்தி விட்டார். "கொலஸ்ட்ரால் 200தானே, நார்மல்தானே டாக்டர்?" என்பது அவர் கேள்வி. அவருக்கு மூட்டுவலி ஒருநாளும் வந்ததில்லை.

வலியே தராத ஓர் எண்ணுக்கு மாத்திரையும் பத்தியமும். மாரடைப்பிலிருந்து காக்கும் மாத்திரைக்கோ விடுமுறை. இந்த இடமாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, அதை எவ்வாறு சரிசெய்வது என்று பார்ப்போம்.

யூரிக் அமிலம் எங்கிருந்து வருகின்றது?

நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் பியூரின் என்னும் பொருள் உள்ளது. உயிரணுக்கள் நாள்தோறும் அழிந்து புதுப்பிக்கப்படும்போது பியூரின் சிதைந்து, இறுதியில் யூரிக் அமிலமாக மாறுகின்றது. உடலில் உண்டாகும் யூரிக் அமிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இவ்வாறு நம் உடலுக்குள்ளேயே தோன்றுவது. எஞ்சிய ஒரு பங்குதான் உணவிலிருந்து வருகின்றது. ஆகவே உணவை எவ்வளவு கடுமையாகக் குறைத்தாலும் யூரிக் அமிலம் ஓரளவுக்கு மேல் இறங்காது. மேற்கண்ட குடும்பத்தின் பத்தியம் பலன் தராததற்கு இது முதற்காரணம்.

இரண்டாம் காரணம் சிறுநீரகத்தில் உள்ளது. உடலிலிருந்து வெளியேறும் யூரிக் அமிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சிறுநீரகத்தின் வழியாகவும், மற்றது குடலின் வழியாகவும் செல்கின்றன. ஆனால் சிறுநீரகம் தான் வடிகட்டிய யூரிக் அமிலம் முழுவதையும் வெளியே விடுவதில்லை. ஏறத்தாழ 90 விழுக்காட்டை மீண்டும் இரத்தத்துக்கே திருப்பி அனுப்பி விடுகின்றது. யூரிக் அமிலம் உயர்ந்துள்ளவர்களில் பெரும்பாலோருக்கு, அது மிகுதியாக உற்பத்தியாவதைவிட, போதிய அளவு வெளியேறாமல் இருப்பதே காரணம்.

பொதுவாக ஆண்களுக்கு 7, பெண்களுக்கு 6 என்பவை மேல் எல்லைகளாகக் கொள்ளப்படுகின்றன. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் யூரிக் அமிலம் வெளியேறத் துணைசெய்வதால், மாதவிடாய் நிற்கும் வரை பெண்களுக்கு அளவு குறைவாக இருக்கும். அதன்பின் உயரத் தொடங்கும். 6.8-ஐத் தாண்டும்போது யூரிக் அமிலம் படிகமாக உறையக்கூடும். அப்படிகங்கள் மூட்டில் படிந்து அழற்சியை உண்டாக்கினால் அதனைக் கௌட் என்கின்றோம். எனினும் அளவு உயர்ந்துள்ள எல்லோருக்கும் கௌட் வருவதில்லை. பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் வலியின்றியே இருக்கின்றனர்.

பொதுவான வேர்

சிறுநீரகம் ஏன் யூரிக் அமிலத்தைப் பிடித்து வைக்கின்றது? இவ்விடத்தில்தான் நீரிழிவும் கொழுப்பும் இக்கதைக்குள் வருகின்றன.

கணையம் சுரக்கும் இன்சுலின், இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தசைகளுக்குள் செல்ல வைக்கின்றது. கல்லீரல் தேவையின்றிச் சர்க்கரையை வெளியிடாமல் தடுக்கின்றது. கொழுப்புத் திசுவில் உள்ள கொழுப்பு வெளியேறாமல் காக்கின்றது. வயிற்றுக்குள் குடலைச் சுற்றியும் கல்லீரலிலும் கொழுப்பு மிகும்போது இந்த உறுப்புகள் இன்சுலினுக்குச் சரிவரச் செவிசாய்ப்பதில்லை. இதனை இன்சுலின் எதிர்ப்புநிலை என்கின்றோம். கணையமோ விட்டுவிடுவதில்லை, மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கின்றது. நீரிழிவு வெளிப்படுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இரத்தத்தில் இன்சுலின் மிகுந்திருக்கும்.

தசையும் கல்லீரலும் சர்க்கரையைப் பொறுத்தவரை இன்சுலினின் சொல்லைக் கேட்காத அந்நிலையிலும், சிறுநீரகம் அதனைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றது. சோடியத்தையும் யூரிக் அமிலத்தையும் வெளியே விடாதே என்பது சிறுநீரகத்துக்கு இன்சுலின் இடும் ஆணை. இன்சுலின் மிகும்போது இவ்விரண்டும் உடலில் தங்குகின்றன. சோடியம் தங்குவது இரத்த அழுத்தம் உயர ஒரு காரணம். யூரிக் அமிலம் தங்குவது அறிக்கையின் எண் உயரக் காரணம்.

அதே வேளையில், கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பு அமிலங்கள் கட்டுப்பாடின்றிக் கல்லீரலுக்குப் பாய்கின்றன. கல்லீரல் அவற்றை ட்ரைகிளிசரைடாக மாற்றி இரத்தத்துக்குள் அனுப்புகின்றது. ட்ரைகிளிசரைடு உயரும்போது, நன்மை தரும் கொழுப்பு என்று நாம் அழைக்கும் எச்டிஎல் குறைகின்றது. எல்டிஎல் துகள்கள் சிறுத்து, அடர்ந்து, இரத்தக்குழாய்ச் சுவருக்குள் எளிதில் நுழையக்கூடியவையாக மாறுகின்றன.

ஆக, சர்க்கரை 148, ட்ரைகிளிசரைடு 268, எச்டிஎல் 34, யூரிக் அமிலம் 8.2, இரத்த அழுத்தம் 142/88, இடுப்புச் சுற்றளவு 98 என்ற ஆறு எண்களும் ஆறு தனி நோய்கள் அல்ல. ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. அமெரிக்க மருத்துவர் ஜெரால்ட் ரீவன் 1988-ஆம் ஆண்டு ஆற்றிய புகழ்பெற்ற உரையில் சர்க்கரை, ட்ரைகிளிசரைடு, எச்டிஎல், இரத்த அழுத்தம் ஆகியவற்றின் கோளாறுகள் ஒரே மனிதரிடம் கூடி நிற்பதைச் சுட்டிக்காட்டி, இன்சுலின் எதிர்ப்புநிலையே அவற்றை இணைக்கும் கயிறு என்றார். யூரிக் அமில உயர்வும் இக்கூட்டத்தைச் சேர்ந்ததே என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின.

நம் மக்கள் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். பார்வைக்கு மெலிந்தவராகத் தோன்றும் இந்தியருக்கும் வயிற்றுக்குள் கொழுப்பு மிகுந்திருக்கலாம். அதனாலேயே தெற்காசியர்களுக்கு இடுப்புச் சுற்றளவின் எல்லை ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எனக் குறைத்து வைக்கப்பட்டுள்ளது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடந்து 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும், 13.6 கோடிப் பேருக்கு நீரிழிவுக்கு முந்தைய நிலையும் இருப்பதாக மதிப்பிட்டுள்ளது.

கொழுப்பு அறிக்கையைப் படிக்கும் முறை

"மொத்தக் கொலஸ்ட்ரால் 200தானே" என்று அவர் கேட்டதற்கு விடை இங்கே உள்ளது. மொத்தக் கொலஸ்ட்ராலில் எச்டிஎல்லும் அடங்கும். எச்டிஎல் குறைந்துள்ள ஒருவருக்கு மொத்த எண் சிறியதாகத் தோன்றி நம்மை ஏமாற்றிவிடும். எனவே மொத்தத்திலிருந்து எச்டிஎல்லைக் கழித்துப் பாருங்கள். 200-இலிருந்து 34-ஐக் கழித்தால் 166. இரத்தக்குழாயில் படியக்கூடிய எல்லாக் கொழுப்புத் துகள்களின் கொலஸ்ட்ராலும் இந்த எண்ணில் அடங்கும்.

நீரிழிவுள்ளோருக்கு எல்டிஎல் 100-க்குக் கீழும், கூடுதல் ஆபத்து உள்ளோருக்கு 70-க்குக் கீழும், இதய நோய் உள்ள சிலருக்கு அதனினும் குறைவாகவும் இருக்க வேண்டும் என்று நாங்கள் இலக்கு வைக்கின்றோம். கழித்துப் பெற்ற எண்ணின் இலக்கு அதைவிட 30 கூடுதல். அதாவது இந்நோயாளருக்கு 166 என்பது மிகவும் அதிகம். அறிக்கையில் அச்சிட்டுள்ள 'இயல்பு எல்லை' எல்லோருக்கும் பொதுவானது. நீரிழிவுள்ளவருக்குரிய இலக்கு அதுவன்று.

2004-ஆம் ஆண்டு வெளியான கார்ட்ஸ் என்னும் ஆய்வில், இதய நோய் இல்லாத, எல்டிஎல் மிகையாக உயராத 2,838 இரண்டாம் வகை நீரிழிவு நோயாளர்களுள் ஒரு பாதியினருக்கு அடோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராமும் மறுபாதியினருக்கு மருந்தற்ற வெற்று மாத்திரையும் தரப்பட்டன. மருந்து பெற்றவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய நிகழ்வுகள் 37 விழுக்காடு குறைந்தன. பயன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வே திட்டமிட்டதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் முன்னதாக முடிக்கப்பட்டது. ஸ்டாட்டின் சிலருக்குச் சர்க்கரையைச் சற்று உயர்த்தக்கூடும் என்பது உண்மையே. ஆயினும் அது தரும் பாதுகாப்பு அந்தச் சிறு உயர்வைவிடப் பன்மடங்கு பெரிது.

ட்ரைகிளிசரைடைப் பற்றி ஒரு குறிப்பு. முந்தைய நாள் அருந்திய மதுவும் உண்ட இனிப்பும் அதனை உயர்த்திக் காட்டும். 500-ஐத் தாண்டினால் கணைய அழற்சி ஏற்படும் ஆபத்து தொடங்குகின்றது. 1,000-ஐத் தாண்டினால் அவ்வாபத்து மிகக் கடுமையாகின்றது. அத்தகைய எண்ணுடன் கடுமையான வயிற்றுவலியும் வாந்தியும் வந்தால் காலம் தாழ்த்தாமல் மருத்துவமனைக்கு வரவேண்டும்.

எண் இறங்குவது எப்போதும் நல்ல செய்தியா?

மற்றொரு நிலையையும் காண்கின்றோம். சென்ற ஆண்டு யூரிக் அமிலம் 7.8 இருந்தது, இவ்வாண்டு 5.1. மருந்து எதுவும் இல்லை. குடும்பத்தினர் மகிழ்கின்றனர். ஆனால் அதே தாளின் மேற்பகுதியில் எச்பிஏ1சி 10.4 என்று இருக்கின்றது.

இரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 180-ஐத் தாண்டும்போது சிறுநீரில் சர்க்கரை வெளியேறத் தொடங்குகின்றது. அவ்வாறு வெளியேறும் சர்க்கரை யூரிக் அமிலத்தையும் தன்னுடன் இழுத்துச் செல்கின்றது. எனவே யூரிக் அமிலம் பலருக்கு நீரிழிவுக்கு முந்தைய நிலையில் ஏறி, சர்க்கரை கட்டுமீறிய பின் இறங்குகின்றது. இந்த இறக்கம் குணமன்று. சர்க்கரை மிகுந்ததன் அடையாளம். இதற்கு மறுதலையாக, சர்க்கரையை நன்கு கட்டுப்படுத்திய பின் யூரிக் அமிலம் சற்று ஏறவும் கூடும். அதைக் கண்டு "நீரிழிவு மாத்திரைதான் யூரிக் அமிலத்தைக் கூட்டிவிட்டது" என்று மாத்திரையை நிறுத்தியவர்களும் உண்டு. ஓர் எண்ணைத் தனியே படிப்பதால் நேரும் பிழை இது.

காரணமா, அடையாளமா?

யூரிக் அமிலம் உயர்ந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவும் இதய நோயும் வரும் வாய்ப்பு அதிகம் என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அப்படியானால் யூரிக் அமிலத்தை மாத்திரையால் குறைத்துவிட்டால் அந்நோய்களைத் தடுத்துவிடலாமா? மருத்துவர்களாகிய எங்களுக்கும் இந்தக் கேள்வி நெடுநாள் இருந்தது. அதற்கான விடையைத் தேடிச் சில பெரிய ஆய்வுகள் நடந்தன.

2020-இல் வெளியான பெர்ல் என்னும் ஆய்வில், முதல் வகை நீரிழிவும் சிறுநீரகப் பாதிப்பின் தொடக்கமும் உடைய 530 பேர் மூன்று ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டனர். அல்லோப்யூரினால் யூரிக் அமிலத்தை நன்கு குறைத்தது. ஆனால் சிறுநீரகத்தின் செயலிழப்பை அது தடுக்கவில்லை. 2022-இல் வெளியான ஆல்ஹார்ட் என்னும் பிரித்தானிய ஆய்வில், இதய நோயுள்ள, கௌட் இல்லாத, அறுபது வயதைக் கடந்த 5,700-க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். அல்லோப்யூரினால் உட்கொண்டவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ இதய நோயால் நேரும் இறப்போ குறையவில்லை.

இவற்றிலிருந்து நாங்கள் கற்றது இது: வலியும் கல்லும் இல்லாதவரிடம் உயர்ந்துள்ள யூரிக் அமிலம் பெரும்பாலும் ஓர் அடையாளம். அந்த எண் உங்கள் சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம், இடுப்பு, சிறுநீரகம் ஆகிய ஐந்தையும் பாருங்கள் என்று எங்களுக்குச் சொல்கின்றது. எண்ணை மட்டும் மாத்திரையால் இறக்குவது, புகையை விசிறிவிட்டு நெருப்பை விட்டுவிடுவது போன்றது.

அல்லோப்யூரினால் தீங்கற்றதும் அன்று. அரிதாகச் சிலருக்கு உயிருக்கே ஆபத்தான தோல் ஒவ்வாமையை அது உண்டாக்கும். அம்மருந்து எடுக்கும்போது தோலில் தடிப்போ, வாய்ப்புண்ணோ, காய்ச்சலோ வந்தால் உடனே நிறுத்தி மருத்துவமனைக்கு வருக. கௌட் அடிக்கடி வருவோர், மூட்டைச் சுற்றி யூரிக் அமிலக் கட்டிகள் உள்ளோர், மூட்டு சிதையத் தொடங்கியோர், யூரிக் அமிலச் சிறுநீரகக் கல் உள்ளோர் ஆகியோருக்கு இது மிகவும் பயனுள்ள மருந்து. கௌட் நோயாளர்களுக்கு யூரிக் அமிலத்தை 6-க்குக் கீழ் கொணர்ந்து அங்கேயே நிறுத்துவது எங்கள் இலக்கு. அவர்கள் நாள் தவறாமல் உட்கொள்ள வேண்டும்; வலி வந்த நாளிலும் நிறுத்தக்கூடாது.

சிவந்து வீங்கிய பாதம்

இப்பாடத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள இயலுமென்றால், இப்பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

நீரிழிவுள்ள ஒருவரின் பாதம் சிவந்து, வீங்கி, சூடாக இருக்கின்றது. அறிக்கையில் யூரிக் அமிலம் 8.2. வீட்டில் முடிவு செய்துவிடுகின்றனர்: "யூரிக் ஆசிட் வலி." கடையில் வலி மாத்திரை வாங்கி ஒரு வாரம் கழிகின்றது.

அது கௌட்டாக இருக்கலாம். தோலடித் திசுவில் பரவும் நோய்த்தொற்றாகவும் இருக்கலாம். உணர்வு குன்றிய பாதத்தில் எலும்புகள் நொறுங்கத் தொடங்கும் சார்கோ பாதமாகவும் இருக்கலாம். மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். நோய்த்தொற்றில் ஒரு வாரத் தாமதம் விரலை இழக்கச் செய்யலாம். காலையே இழக்கச் செய்யலாம். சார்கோ பாதத்தில் தொடர்ந்து நடப்பது பாதத்தின் வடிவத்தையே குலைத்துவிடும். உணர்வு குன்றிய பாதத்தில் வலி குறைவாக இருப்பது ஆறுதலுக்குரியதன்று.

யூரிக் அமில எண் இங்கே வழிகாட்டாது. கௌட் இல்லாதவருக்கும் அது உயர்ந்திருக்கும். கௌட் வலி உச்சத்தில் இருக்கும்போது சிலருக்கு இயல்பாகவும் இருக்கும். ஐயம் இருந்தால் மூட்டு நீரை ஊசியால் எடுத்துப் படிகங்களைத் தேடுவதே உறுதியான சோதனை. எனவே சிவந்து வீங்கிய பாதத்துடன் அன்றே வாருங்கள். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை நீங்களே வாங்கி உட்கொள்ளாதீர்கள். நீரிழிவால் ஏற்கெனவே தளர்ந்துள்ள சிறுநீரகத்தை அவை மேலும் கெடுக்கும். ஸ்டீராய்டு மாத்திரைகள் வலியை விரைவில் போக்கும். சர்க்கரையையும் அவ்வளவு விரைவில் ஏற்றிவிடும்.

அடுப்படியில் செய்ய வேண்டியவை

இனி அந்த அம்மையாரின் கேள்விக்கு வருவோம்: இன்னும் எதை நிறுத்த வேண்டும்?

பருப்பை நிறுத்த வேண்டியதில்லை. 2004-ஆம் ஆண்டு அமெரிக்காவில் 47,150 ஆண்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்த ஆய்வொன்று வெளியானது. இறைச்சியும் கடலுணவும் மிகுதியாக உண்டவர்களுக்குக் கௌட் அதிகமாக வந்தது. பியூரின் மிகுந்த காய்கறிகளையும் பயறுகளையும் உண்டவர்களுக்கு அவ்வாறு வரவில்லை. கொழுப்பு குறைந்த பால் பொருட்களை உண்டவர்களுக்கோ நோய் குறைந்தே காணப்பட்டது. எனவே பருப்பு, பயறு, கீரை, கொழுப்பு நீக்கிய பாலில் உறையிட்ட தயிர், மோர் ஆகியவை தட்டில் இருக்கட்டும். பருப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தைச் சோற்றால் நிரப்பினால் சர்க்கரையும் ட்ரைகிளிசரைடும் ஏறுகின்றன; வேர் மேலும் தடிக்கின்றது. சிறுநீரகம் வெகுவாகத் தளர்ந்தவர்களுக்கு மட்டும் புரத அளவு வேறுபடும். அவர்கள் எங்கள் உணவியல் வல்லுநரைக் கேட்டு நடக்க வேண்டும்.

குறைக்க வேண்டியவை வேறு. ஈரல், குடல், மூளை போன்ற உறுப்பு இறைச்சிகள், அடிக்கடி உண்ணும் ஆட்டிறைச்சி, மத்தி, நெத்திலி, கருவாடு ஆகியவற்றின் அளவைக் கட்டுப்படுத்துங்கள். மது முழுவதையும், குறிப்பாகப் பீரை, விலக்குங்கள்.

இனிப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சர்க்கரையின் பாதி ஃபிரக்டோஸ். கல்லீரல் ஃபிரக்டோஸைக் கையாளும்போது யூரிக் அமிலமும் உண்டாகின்றது, ட்ரைகிளிசரைடும் உண்டாகின்றது. ஒரே உணவுப்பொருள் இரண்டு எண்களையும் ஒருசேர உயர்த்துவதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், நாள்தோறும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட முறை இனிப்பூட்டிய குளிர்பானம் அருந்திய ஆண்களுக்குக் கௌட் வரும் ஆபத்து, அருந்தாதவர்களைவிட 85 விழுக்காடு கூடுதலாக இருந்தது. நாட்டுச்சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன் ஆகியவற்றிலும் ஃபிரக்டோஸ் உள்ளது. "இயற்கையானது" என்பதால் கல்லீரல் அதனை வேறாக நடத்துவதில்லை. பழத்தைச் சாறாக்காமல் பழமாகவே, உங்களுக்குச் சொன்ன அளவில் உண்ணுங்கள்.

எடை குறைவதே வேரைத் தளர்த்தும் முதன்மையான வழி. அதற்காகப் பட்டினி கிடக்க வேண்டாம். கடும் பட்டினியில் உண்டாகும் கீட்டோன்கள் யூரிக் அமிலம் வெளியேறுவதைத் தடுத்து, அதனை உயர்த்திவிடும். மாதத்துக்கு ஓரிரு கிலோ என்ற நிதானமே நல்லது. நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடத்தல், உணவுக்குப்பின் பத்து நிமிட நடை ஆகியவை தசைகளை மீண்டும் இன்சுலினுக்குச் செவிசாய்க்க வைக்கும். நீரிழிவுக்கு முந்தைய நிலையிலிருந்த 531 பேரிடம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு நடத்தப்பெற்று 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, உணவு, உடற்பயிற்சி மாற்றங்கள் மட்டுமே நீரிழிவு வரும் ஆபத்தை 28.5 விழுக்காடு குறைத்ததைக் காட்டியது. வீட்டில் ஒருவருக்கு நீரிழிவு என்றால் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும் பாடம்.

மருந்துப் பெட்டியைப் பற்றி

சில மருந்துகள் யூரிக் அமிலத்தை உயர்த்தும்: தயசைடு வகை நீர்மாத்திரைகள், ஃப்யூரோசமைடு, குறைந்த அளவு ஆஸ்பிரின். சில மருந்துகள் தம் முதற்பணியுடன் யூரிக் அமிலத்தையும் குறைக்கும்: இரத்த அழுத்தத்துக்கான லோசார்ட்டன், ட்ரைகிளிசரைடுக்கான ஃபெனோஃபைப்ரேட், நீரிழிவுக்கான எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின். இப்பட்டியலை வைத்துக்கொண்டு எதையும் நீங்களே நிறுத்தவோ தொடங்கவோ வேண்டாம். இதய நோயாளர் ஆஸ்பிரினை நிறுத்துவது, யூரிக் அமிலம் ஒரு புள்ளி கூடுவதைவிடப் பெருந்தீங்கு. ஆனால் எங்களிடம் கேளுங்கள். ஒரே மருந்தால் இரண்டு பயன் பெற வழியிருக்கின்றதா என்று சேர்ந்து பார்ப்போம்.

எல்லாவற்றையும் ஒருசேரக் கவனிப்பதன் பயனை டென்மார்க்கில் நடந்த ஸ்டெனோ-2 ஆய்வு காட்டியது. இரண்டாம் வகை நீரிழிவும் சிறுநீரில் புரதக் கசிவும் உடைய 160 பேரில் ஒரு பாதியினருக்குச் சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம், உணவு, உடற்பயிற்சி அனைத்தும் ஒரே நேரத்தில் முனைப்புடன் கவனிக்கப்பட்டன. 21 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ 8 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருந்தனர்.

அடுத்த முறை வரும்போது

அந்தத் தம்பதியரிடம் நாங்கள் சொன்னவை நான்கு: யூரிக் அமில மாத்திரையை நிறுத்துங்கள், ஸ்டாட்டினை மீண்டும் தொடங்குங்கள், பருப்பைத் தட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்து சோற்றைப் பாதியாக்குங்கள், மாலைத் தேநீருடன் வரும் இனிப்பையும் வார இறுதி மதுவையும் விட்டுவிடுங்கள். இரத்த அழுத்த மருந்தையும் மாற்றித் தந்தோம். ஆறு மாதங்கள் கழித்து எடை 81 கிலோவிலிருந்து 76 ஆயிற்று. எச்பிஏ1சி 6.8, ட்ரைகிளிசரைடு 164, எல்டிஎல் 68. யூரிக் அமிலம் 7.1. அதுமட்டும் இன்னும் தடித்த எழுத்தில்தான் அச்சாகியிருந்தது. "இது இப்படியே இருக்கலாமா டாக்டர்?" என்று கேட்டார் அம்மையார். "இருக்கலாம் அம்மா, வலி வந்தால் மட்டும் உடனே வாருங்கள்" என்றோம்.

நீங்கள் அடுத்த முறை வரும்போது இவற்றைக் கொண்டுவந்தால் எங்களுக்குப் பேருதவியாக இருக்கும்:

1. கடைசி மூன்று அறிக்கைகள், தேதி வரிசைப்படி. ஓர் எண்ணைவிட அது செல்லும் திசை முக்கியம்.

2. கடையில் தாமே வாங்கியவை, நாட்டு மருந்துகள் உட்பட வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளும், அட்டையுடன்.

3. தொப்புள் மட்டத்தில் அளந்த இடுப்புச் சுற்றளவு.

4. மூட்டோ பாதமோ எப்போதாவது வீங்கியிருந்தால், அந்த நாளும் எத்தனை நாள் நீடித்தது என்பதும்.

5. சிறுநீரில் புரதம், கிரியாட்டினின் ஆகிய சிறுநீரகச் சோதனைகள் ஓராண்டுக்குள் செய்யப்பட்டனவா என்ற குறிப்பு.

தண்ணீர் அருந்தும் அளவைப் பற்றி இதயத் தளர்ச்சியோ சிறுநீரகத் தளர்ச்சியோ உள்ளவர்கள் எங்களைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். மற்றவர்கள் தாகமெடுக்கும் வரை காத்திராமல் நாள் முழுவதும் பிரித்து அருந்தலாம்.

வீட்டில் சமைப்பவரும், மாத்திரையை நினைவூட்டுபவரும், இரவில் பாதத்தைத் துடைத்துப் பார்ப்பவரும் பெரும்பாலும் நோயாளர் அல்லர், உடனிருக்கும் நீங்களே. ஆகவே இப்பாடத்தை உங்கள் இருவரையும் எண்ணியே எழுதினோம். ஐயம் எழுந்தால் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்காமல், எங்கள் நீரிழிவுப் பிரிவின் செவிலியரிடமோ உணவியல் வல்லுநரிடமோ கேட்டுத் தெளிவு பெறுங்கள்.